வேப்பை விடுவதும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதும் ஒரே வேலைதான்

சென்னையில் ஃப்ளூ காய்ச்சல் மழையோடு வருகிறது. ஸ்ரீநகரில் அது ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான குளிரில் பரவுகிறது. நாட்டின் பெரும்பகுதியில் ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையின்போது உச்சத்தைத் தொடுகிறது. நமக்கோ வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் அதற்குரிய காலம். சாரலுக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல்களை அடைத்துவிட்டு, ஈரத் துணிகளைக் கூடத்தில் கொடி கட்டிக் காயப் போட்டு, நான்கைந்து பேர் ஒரே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கும் அந்த வாரங்களில், ஒருவர் வெளியே விடும் மூச்சைத்தான் மற்றவர் உள்ளே இழுக்கிறார். வில்லிவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், தீபாவளியை ஒட்டி இருமல் தளம் தளமாக ஏறுவதைப் படிக்கட்டில் நின்றாலே கேட்கலாம்.

அதனால்தான் இந்த ஆண்டு மழை தொடங்குவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். வேப்பிங்கை, அதாவது மின்சிகரெட் இழுப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் அதைக் கல்லூரிப் பிள்ளைகளின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பேசுகிறோம். தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது கைக்குழந்தைகளின் விஷயமாக மட்டும் பேசுகிறோம். இரண்டும் தனித்தனி ஆட்களுக்குச் சொல்லப்படும் தனித்தனி அறிவுரைகளாக இருப்பதால், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட பெரும்பாலானவர்கள் இரண்டையுமே தமக்குத் தொடர்பில்லாதவை என்று தள்ளி வைத்துவிடுகிறார்கள். என் வீட்டில் அவை இரண்டும் ஒரே அறைக்குள் வந்து சேர்ந்தன. அந்த அறையில் என் மாமனாரும் என் அக்கா மகனும் படுத்துக்கொள்கிறார்கள்.

மாமனாருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருப்பதாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். இன்ஹேலர் இல்லாமல் அவரால் மாடிப்படி ஏற முடியாது. சளி பிடித்தால் இரவு முழுவதும் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பார். அக்கா மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி இங்கிருந்து அருகில் என்பதால் எங்களோடு தங்கியிருக்கிறான். அவன் வேப் செய்துகொண்டிருந்தான் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அவன் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். தன்னைப் போன்ற மற்றவர்கள் படிக்க வேண்டும் என்று அவனே சொன்னான்.

அது வெளிப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற வீடுகளிலும் அது அப்படித்தான் மறைந்திருக்கும். அவனுக்கு வறட்டு இருமல் வந்து, போகாமலே இருந்தது. பொது மருத்துவர் கொடுத்த மருந்துகளில் அடங்கவில்லை. மார்புநோய் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, "சிகரெட் பழக்கம் உண்டா தம்பி?" என்று கேட்டார். "இல்லைங்க டாக்டர்" என்றான். அது முழு உண்மை. அவன் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. மருத்துவர் ஒரு கணம் நிறுத்தி, அதே குரலில், "வேப்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. அவர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது அவன் முகத்தில் பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாகத் தெரிந்தது.

சிகரெட் உண்டா என்ற கேள்விக்கு உண்மையாகவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகும் பிள்ளைகள் இந்த நகரத்தில் ஏராளமாக இருப்பார்கள். கேள்வியை நாம்தான் மாற்ற வேண்டும். பெற்றோரும் மருத்துவரும் கல்லூரி உடல்நலப் படிவங்களும் வேப் என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பொருள், பாடப்புத்தகத்தில் கோடு போடும் வண்ணப் பேனாவின் பருமனில், வழவழவென்று, ஊதாவும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருந்தது. பென்சில் பைக்குள் மற்றப் பேனாக்களோடு கிடந்தால் எவரும் சந்தேகப்பட மாட்டார்கள். மடிக்கணினியின் சார்ஜரிலேயே மின்னேற்றிக்கொள்ளலாம். தீக்குச்சி வேண்டாம், சாம்பல் இல்லை, உடையில் நாற்றம் ஒட்டாது. குளியலறையிலிருந்து சில நாட்கள் மாம்பழ எசன்ஸ் வாசனை வந்தது எனக்கு நினைவிருக்கிறது. ரூம் ஃப்ரெஷ்னர் என்று சொன்னான், நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். உறையின் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் 5 சதவிகித நிக்கோட்டின் என்று அச்சிட்டிருந்தது. அதாவது ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் நிக்கோட்டின். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான். இத்தனை கடுமையான நிக்கோட்டின் தொண்டையை எரிக்காமல் இறங்குவதற்குக் காரணம், அதை ஓர் அமிலத்தோடு சேர்த்து உப்பு வடிவமாக மாற்றியிருப்பதுதான். காரமே தெரியாததால், எவ்வளவு உள்ளே போகிறது என்பது இழுப்பவருக்கே தெரிவதில்லை.

"அது வெறும் ஆவிதான் சித்தி, புகை கிடையாது" என்று அவன் முதலில் வாதாடினான். புகை இல்லை என்பது சரி. வெறும் ஆவி என்பது சரியில்லை. புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நறுமணச் சேர்மங்களும் நிக்கோட்டினும் கலந்த திரவத்தைச் சூடான கம்பிச்சுருள் நுண்துளிகளாக மாற்றுகிறது. நுரையீரலின் கடைக்கோடிக் காற்றறைகள் வரை போகும் அளவுக்கு அத்துளிகள் சிறியவை. சூடேறும்போது அதே திரவத்திலிருந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்ற எரிச்சலூட்டும் வேதிப்பொருள்கள் உருவாகின்றன. கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களின் துகள்களும் சேர்ந்துகொள்கின்றன. சாப்பிடும் பண்டத்தில் பாதுகாப்பானவை என்று ஏற்கப்பட்ட நறுமணப் பொருள்கள் மூச்சோடு இழுக்கவும் பாதுகாப்பானவை என்று ஆகிவிடாது. வெண்ணெய் மணம் தரும் டையாசிட்டைல் என்ற பொருளைச் சுவாசித்த பாப்கார்ன் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு அமெரிக்காவில் மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பேறி நிரந்தரமாகச் சுருங்கின. அதைச் சாப்பிட்டவர்களுக்கு எதுவும் நேரவில்லை.

2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் வேப் செய்த இளைஞர்கள் கடும் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரி வரையிலான கணக்கில் 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் 68 பேர் இறந்துபோனார்கள். கஞ்சாவின் வேதிப்பொருள் கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட்தான் முதன்மைக் காரணம் என்று கண்டார்கள். எல்லா வேப் கருவிகளிலும் அது இருப்பதில்லை. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இங்கே கைக்குக் கை மாறி வரும் கருவிக்குள் என்ன இருக்கிறது என்று பரிசோதித்துச் சொல்பவர் எவரும் இல்லை என்பதையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும்.

ஃப்ளூவுக்கும் வேப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் வரிசையாக இருக்கின்றன. காற்றடிக்கும்போது வயலில் நெற்பயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்வதைப் போல அவை இடைவிடாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. நிக்கோட்டினும் வேப் துளிகளும் அந்த அசைவைத் தளர்த்துகின்றன; சளி கெட்டிப்பட்டுத் தேங்குகிறது. வேப் செய்பவர்களின் மூக்குச் செல்களை ஆராய்ந்தவர்கள், நோய் எதிர்ப்போடு தொடர்புடைய பல மரபணுக்களின் செயல் அங்கே குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். வைரஸ் முதலில் வந்து இறங்கும் இடமே அதுதான். ஃப்ளூ வந்தவர், தனக்குக் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். அதன் பிறகும் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரப்புகிறார். இளைஞனுக்கு அது மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும்தான்; பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் தாத்தாவுக்கோ ஆக்சிஜன் குழாய் வரை போகக்கூடிய சமாச்சாரம்.

"பாடி மேம்பாலத்தில் சிக்னலில் நின்றாலே இதைவிட அதிகமாகப் புகை போகும்" என்பது அவனுடைய அடுத்த வாதம். இதை நான் வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். வடசென்னையின் காற்று நல்லதில்லை. மணலி, எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்கள் எத்தனை ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. போகி அன்று விடியற்காலையில் எதிர்வீடே தெரிவதில்லை. இவற்றை எல்லாம் எதிர்த்துக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது, கேட்கவும் வேண்டும். ஆனால் வெளிக்காற்று கெட்டிருக்கும் ஊரில்தான் நுரையீரலைக் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டும். லாரிப் புகையை அவனால் இன்று நிறுத்த முடியாது. கையிலிருக்கும் கருவியை நிறுத்த முடியும்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2018இலேயே மின்சிகரெட்டுகளுக்குத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டு டிசம்பரில் அதை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தடை தேவையானதே என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் அதற்கு ஒரு பக்கவிளைவு இருக்கிறது. தடை செய்யப்பட்ட பொருள் இங்கே இருக்காது என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். போலீஸ், கல்லூரியிலிருந்து நீக்கம் என்றெல்லாம் பயந்து பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. விட விரும்பி உதவி கேட்டு வருகிற ஒருவரை அந்தப் பயத்திலிருந்து விடுவிப்பது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு.

இங்கிலாந்தில் மருத்துவர்களே சிகரெட்டை விடுவதற்கு வேப்பைப் பரிந்துரைக்கிறார்கள் என்று இணையத்தில் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. பல ஆண்டுகளாக சிகரெட் குடித்து, வேறு வழிகளில் விட முடியாத ஒருவருக்கு, சிகரெட்டைவிட அது குறைந்த தீங்கு என்ற கணக்கில் அங்கே அப்படிச் செய்கிறார்கள்; அதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. சிகரெட்டே தொடாமல் நேராக வேப்புக்கு வந்த இருபது வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு முன்பு இல்லாத ஒரு அடிமைத்தனத்தை அது புதிதாகக் கொடுக்கிறது. ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை மூளை வளர்ந்துகொண்டிருப்பதால், அந்தப் பருவத்தில் பழகும் நிக்கோட்டின் ஆழமாகவே பிடித்துக்கொள்கிறது.

விட்ட கதை நீளமானது, ஆனால் அதுதான் பலருக்கும் பயன்படும். முதலில் மருத்துவர் அவனைத் தேதி குறிக்கச் சொன்னார். பரீட்சை வாரமும் நண்பர்களின் பயணத் திட்டமும் இல்லாத ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தான். அதற்கு முந்தைய சில நாட்களில், எந்தெந்த நேரத்தில் கை தானாகப் பையைத் தேடுகிறது என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டான். காலையில் எழுந்தவுடன், கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கியதும், டீக்கடையில் நண்பர்களோடு நிற்கும்போது, இரவு படிக்க உட்கார்ந்து பத்து நிமிடத்தில் என்று அந்தப் பட்டியல் போயிற்று. டீக்கடை நேரம்தான் அதில் பெரியது. டீயை அவன் விடவில்லை, இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டான். வேப் செய்யாத இரண்டு நண்பர்களோடு வேறு கடைக்குப் போனான்.

நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் வகையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இதைப் பெரும்பாலானவர்கள் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று, வயிற்றைப் பிரட்டுகிறது, விக்கல் வருகிறது என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மெதுவாகச் சில முறை மென்று, வாயில் காரமான சுவை வந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும்; சுவை மங்கியதும் மறுபடியும் மெல்ல வேண்டும். நிக்கோட்டின் வாயின் தோல் வழியாக உடலுக்குள் சேர வேண்டும், எச்சிலோடு வயிற்றுக்குப் போகக் கூடாது. காப்பியோ குளிர்பானமோ குடித்துக் கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக உள்ளே சேராது. இந்த ஒரு விவரம் தெரியாமல் கம் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டியவர்கள் பலர். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

முதல் வாரம் கடினமாகத்தான் இருந்தது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் எரிச்சல் உச்சத்துக்குப் போனது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான், தூக்கம் வராமல் பால்கனியில் நடந்தான். அந்த நாட்களில் வீட்டில் யாரும் அறிவுரை சொல்வதில்லை என்று நாங்கள் தீர்மானித்திருந்தோம். தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356க்கு அழைத்தால் ஆலோசகர்கள் கட்டணமின்றிப் பேசுகிறார்கள். அவனும் அழைத்தான். வீட்டு மனிதர்களிடம் சொல்ல முடியாததை முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வது எளிதாக இருந்தது என்றான். வேட்கை எழும்போது அது சில நிமிடங்களில் தானாகவே தணிந்துவிடும், அந்த நிமிடங்களைக் கடத்துவதற்கு ஒரு வேலையை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னார்களாம். அவன் வைத்துக்கொண்ட வேலை, தாத்தாவை மொட்டை மாடிக்கு மெதுவாக அழைத்துக்கொண்டு போய் மூச்சுப் பயிற்சி செய்யவைப்பது. உதட்டைக் குவித்து, மூச்சை நீளமாக வெளியே விடும் அந்தப் பயிற்சியை இருவருமே செய்தார்கள்.

நடுவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் நண்பர் ஒருவருடைய கருவியை வாங்கி இழுத்துவிட்டு வந்து அன்றிரவே சொன்னான். மருத்துவர் அதைத் தோல்வி என்று சொல்லவில்லை. அந்தச் சூழலுக்கு அடுத்த முறை எப்படித் தயாராவது என்று மட்டும் பேசினார். பழைய கருவியைக் குப்பைத் தொட்டியில் போடவில்லை. உள்ளே லித்தியம் மின்கலம் இருக்கிறது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவோடு சேர்த்துக் கொடுத்தோம். இருமல் சில வாரங்களில் குறைந்தது.

இனி ஊசியைப் பற்றி. தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதில் நாம் பெருமைப்படத்தக்க அளவுக்கு முன்னேறியிருக்கிறோம். புதன்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி என்பது பாட்டிமார்களுக்கும் தெரியும். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பிசிஜி, பிறகு கக்குவான் இருமலும் நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமியும் உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட். இதை இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாடும் கேரளமும் 2011 டிசம்பரில் தொடங்கின. 2021 முதல், நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு கிருமிக்கு எதிரான நியூமோகாக்கல் ஊசியும் இங்கே அட்டவணையில் சேர்ந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று போடுகிறார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸாப்பில் பரவிய வதந்திகளால் பெற்றோர் தயங்கியதும், முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியிருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதையும் கடந்து வந்தோம்.

பெரியவர்கள் விஷயத்தில் இந்த அக்கறை நின்றுவிடுகிறது. இடது தோளில் இருக்கும் பிசிஜி தழும்பைக் காட்டி, "எனக்குத்தான் எல்லா ஊசியும் போட்டாச்சே" என்பார் எங்கள் தரைத்தளத்துப் பெரியவர். அந்த ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில்லை என்று உலகத்துக்குச் சொன்னதே நம் பக்கத்துச் செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய மாபெரும் ஆய்வுதான். ஃப்ளூவுக்கோ நியூமோகாக்கல் கிருமிக்கோ அதனால் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் உரு மாறுகிறது; அதனால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, அடுத்த ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. முன்பு நான்கு வகைகளுக்கு எதிராகத் தயாரித்தார்கள். பி/யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டறியப்படாததால், இப்போது மூன்று வகைகளே போதும் என்கிறார்கள். ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே சென்னையில் செப்டம்பர் மாதத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது. வைரஸ் வகை நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில்கூட இந்த ஊசி நோய்வாய்ப்படும் வாய்ப்பை 40 முதல் 60 சதவிகிதம் வரைதான் குறைக்கிறது. அது போதாதே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஃப்ளூவால் வரும் சுவாசக் கோளாறுகளில் மட்டும் உலகில் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் அபாயம் ஏறத்தாழ ஆறு மடங்காவதாக 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில், பாதி பாதுகாப்பையும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை.

ஊசி போட்டால் ஃப்ளூ வரும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. இங்கே பெரியவர்களுக்குக் கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. தோள் வலியும் ஒரு நாள் இலேசான காய்ச்சலும் வரலாம், அவ்வளவுதான். மாமனாருக்கு ஃப்ளூ ஊசியும் நியூமோகாக்கல் ஊசியும் மருத்துவர் சொன்னபடி போட்டோம். அக்கா மகனும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டான். அவனுக்குத் தேவையா என்று அக்கா தொலைபேசியில் கேட்டாள். அவன் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தேவை என்றேன். முதியவர்களின் உடல் ஊசிக்கு இளையவர்கள் அளவுக்கு வலுவாக எதிர்வினை காட்டுவதில்லை. ஆகவே அவர்களைச் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது பாதுகாப்பு. வேப்பை விட்டதும் ஊசி போட்டுக்கொண்டதும் அவனுக்கு அந்த அறையின் காற்றைப் பற்றிய ஒரே முடிவின் இரண்டு பகுதிகள்.

நுரையீரல் நோயை வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் வைத்து எதிர்கொள்வது இந்த நகரத்துக்குப் புதிதில்லை. 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியம் தொடங்கினார். இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயர் அதைச் சொல்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்கவைப்பதும் வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதும் ஒரே அளவு பலன் தருகின்றன, வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959இல் நிறுவியது. அதன் பிறகு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை மருத்துவமனையை விட்டு வீடுகளுக்கு நகர்ந்தது. கோவிட் காலத்தில், 2021 செப்டம்பரிலிருந்து நடந்த மெகா தடுப்பூசி முகாம்களில், பள்ளிக்கூட வராந்தாக்களிலும் சமுதாயக் கூடங்களிலும் நம் தெருப் பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். பெரியவர்கள் ஊசிக்கு வர மாட்டார்கள் என்பதை நான் நம்பாமல் இருப்பதற்கு அதுவே காரணம். அருகில் போட்டால் வருவார்கள்.

எங்கள் அடுக்ககத்தில் இந்த முறை ஒரு முகாம் ஏற்பாடு செய்கிறோம். அரசின் பொது நோய்த்தடுப்புத் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியாரிடம்தான் பணம் கொடுத்துப் போட வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். மொத்தமாகப் போட்டால் குறைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் என்று முதலில் பெயர் எழுதினேன். அப்படிப் போனபோது இரண்டு வீடுகளில் அம்மாக்கள் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, பையனைப் பார்த்த மருத்துவரின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு விஷயம் இன்னும் முடியவில்லை. காவலாளி அண்ணன், படிக்கட்டுப் பெருக்கும் அம்மா, வீட்டு வேலைக்கு வரும் ஆறேழு பெண்கள் ஆகியோரின் பெயர்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். எல்லா வீட்டுக்குள்ளும் போய் வருபவர்கள் அவர்கள்தான். நம் வீட்டிலிருந்து அவர்களுக்கும் அவர்கள் வழியாக அவர்களுடைய குழந்தைகளுக்கும் நோய் போகிறது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் கூலி போகிறவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கான செலவைச் சங்கத்தின் பராமரிப்பு நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சிலர் சம்மதித்திருக்கிறார்கள், சிலர் ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டு வேலையாளுக்குக் கொடுக்கட்டும் என்கிறார்கள். அப்படி விட்டால் நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு நால்வரில் யாரும் கொடுக்க மாட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. அதற்கு முன்பு இன்னும் பதினோரு வீடுகளில் நேரில் பேச வேண்டும்.